குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறாள்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை இரண்டு வரிகளைப் பற்றியது. மஞ்சள் அட்டை போட்ட ஒரு ஆட்ட விதிப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வரிகள் இருக்கின்றன. சண்டை நடந்த இடம் யெசெனிக் நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்தின் மாடி. சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. சண்டை போட்டவர்கள் மூன்று பேர். நான்காவது ஆளான நான் அன்று சொன்னது ஒரே ஒரு சொல். அதனால்தான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதுவது என் பழைய ஜெர்மன் நோட்டில். முதல் பதினோரு பக்கம் வினைச்சொற்கள், ஆசிரியையின் சிவப்பு மையோடு. அதற்குப் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. மிச்சப் பக்கமெல்லாம் எனக்கு வந்துவிட்டது. இப்படி ஆறு நோட்டு இருக்கிறது, ஆறு பாடத்துக்கு. யாரிடமும் காட்டியதில்லை.

தொடக்கத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கண்ணாடி வாசலுக்கு அப்பால் பனி பெய்துகொண்டிருந்தது. மந்திரவாதி தன் கோலை உயர்த்தி..."

(நிறுத்திவிட்டேன். கோலை உயர்த்தினால் அடுத்த வரியில் ஏதாவது நடந்தாக வேண்டும்.)

"பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு யோலானா என்று பெயர் வைப்போம்."

(என் பெயரே யோலானாதான். வைப்பதற்கு என்ன இருக்கிறது?)

"வெண்டுலா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது."

(இது உண்மை. ஆனால் இங்கிருந்து தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்துக்கு என்னால் போக முடியவில்லை. மூன்று நாள் முயன்றேன்.)

நான்காவதுதான் நீங்கள் மேலே படித்தது.

2

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது. ஒரு மேசை, சில தாள்கள், பகடைகள். ஒருவன் கதை சொல்வான்: "குகைக்குள்ள நுழையுறீங்க. தண்ணி சொட்டுற சத்தம். என்ன செய்யப் போறீங்க?" அவனை எங்கள் நாட்டில் குகைத் தலைவன் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அதிர்ஷ்டத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும். மற்றதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். புத்தகம் வாய் திறக்காத இடங்களில் நாங்கள் சண்டை போடுவோம். ஆட்டத்தில் பாதி நேரம் அதுதான்.

எங்கள் குகைத் தலைவன் ராதிம். மர அறுவை ஆலையில் வேலை; மற்ற நேரத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரன். கூடத்தின் சாவி அவனிடம் இருப்பதால்தான் எங்களுக்கு மாடி கிடைத்தது. சுவரெங்கும் தண்ணீர் பீய்ச்சும் போட்டிகளில் வென்ற கோப்பைகள். கீழே வண்டி, தொங்கும் குழாய்கள், ஈர ரப்பர் வாசனை.

க்விடோ ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகன். விதி என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மஞ்சள் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்வான். ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று குறிப்பு எழுதி வைப்பான். அந்தக் குறிப்புகளை இதுவரை யாரும் படித்ததில்லை. நாங்கள் அவனை வக்கீல் என்று கூப்பிடுவோம்.

பவ்லீனாவும் நானும் மருத்துவக் குளியல் விடுதிகளுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் ஒன்றாக வேலை செய்கிறோம். ஆட்டத்தில் அவள் கோடரி வைத்திருக்கும் குள்ளன். கசகசா வைத்த பன் கொண்டுவருவாள். அதில் முக்கால்வாசியை அவளே...

(பவ்லீனாவை நான் சரியாக எழுதவில்லை. மூன்று முறை அவளைக் கதைக்குள் கொண்டுவந்தேன், மூன்று முறையும் தின்றுகொண்டே வந்தாள். நனைந்த படுக்கை விரிப்புக் கட்டை ஒற்றைக் கையால் தூக்குபவள் அவள். வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த என்னை, "சனிக்கிழமை ஒரு ஆள் குறையுது, செருப்பைப் போடு" என்று இழுத்து வந்தவளும் அவள்தான். ஆனால் அவள் தின்பதும் உண்மை. என்ன செய்ய?)

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமை யாராவது வராவிட்டால், அவர்களுடைய பாத்திரம் பின்தங்கிக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும். க்விடோவுக்குக் காய்ச்சலா? அவனுடைய சாமியார் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். பவ்லீனாவின் அக்காவுக்குக் கல்யாணமா? குள்ளன் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறான். குதிரைகளோடு இருப்பவர்களுக்கு எந்த ஆபத்தும் வராது. இது புத்தகத்தில் இல்லை. ராதிம் உண்டாக்கியது.

3

வெண்டுலாவின் பாத்திரம் டார்வா. வில்லாளி. அவள் பதினான்கு மாதமாகக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெண்டுலாவின் அம்மாவுக்கு ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஜனவரிக் கடைசியில் குடும்பத்தோடு போய்விட்டார்கள். மார்ச்சில் பவ்லீனா என்னை மறுபடி மேசைக்கு இழுத்துவந்தாள். நவம்பரிலிருந்து அதுவரை என் மந்திரவாதியும் குதிரைகளோடுதான் இருந்தாள். நான் வந்தேன், குதிரைகளோடு டார்வா மட்டும் நின்றாள். வேலை மாற்றிக்கொள்கிற மாதிரி. அந்த நவம்பருக்குப் பிறகு வெண்டுலாவும் நானும் ஒரே நேரத்தில் மேசையில் இருக்கவே இல்லை.

நான் திரும்பி வந்த அன்றைக்கே ஒரு தவறு நடந்தது. ஆட்டத்தில், மலை உச்சியில் ஒரு கண்ணாடி வாசல். ஒரு பக்கமாக மட்டும் போகலாம். போனால் திரும்ப முடியாது. திறக்க மந்திரவாதி வேண்டும். நான்கு மாதம் கழித்து வந்திருந்த என்னையே எல்லோரும் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "திறக்கிறேன்," என்றேன். திறந்தது. ஆரவாரத்தோடு உள்ளே போனோம்.

இரண்டு வாரம் கழித்துத்தான் க்விடோ பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஒரு நிமிஷம். குதிரைங்க எங்க?"

பிறகு பவ்லீனா சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துட்டோம்டா!" எல்லோரும் சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அப்புறம் ராதிம், "டார்வாவும் அங்கதான் இருக்கா," என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

வாசலைத் திறந்தது நான். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் போலிருந்தது.

4

இப்போது அந்த இரண்டு வரிகள்.

பிப்ரவரியில் என் மந்திரவாதி ஏழாம் படிக்கு ஏறினாள். ஏழாம் படியில் புதிதாக ஒரு மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் நெருப்பு மழையை எடுக்கச் சொன்னார்கள். நான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டினேன்:

தோழமை அழைப்பு. மந்திரவாதி பெயர் சொல்லி அழைக்கும் தோழர், வர மனமிருந்தால், எத்தனை தொலைவில் இருந்தாலும் அடுத்த மூச்சில் அருகில் நிற்பார். மனமில்லையேல் மந்திரம் வீண்; அத்தோழரை அதே மந்திரவாதி மீண்டும் ஒருபோதும் அழைக்க இயலாது.

சண்டை நடந்த சனிக்கிழமை, சுரங்கத்தின் முடிவில் பனி அரக்கன் நின்றான். எங்களிடம் வில்லாளி இல்லை. ராதிம் என்னைப் பார்த்தான். "யோலா, என்ன செய்யுற?"

"அழைக்கிறேன்," என்றேன்.

அன்று நான் சொன்ன ஒரே சொல் அதுதான்.

"நிறுத்து, நிறுத்து," என்று க்விடோ இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தான். "மனமிருந்தால்னு போட்டிருக்கு. மனசு இருக்கா இல்லையான்னு யார் சொல்றது? புத்தகத்துல அது இல்ல."

"டார்வாதான் சொல்லணும். பின்ன, தபால்காரனா வந்து சொல்லுவான்?" என்றாள் பவ்லீனா.

"டார்வான்னு யாரும் இல்ல பவ்லீனா. அது ஒரு தாள்."

"உன் சாமியாரும் தாள்தான். போன மாசம் அவரு சாகப் போறாருன்னு அழுதியே?"

"அழல. ஜலதோஷம்."

"ஆமா, பகடை உருளுறப்ப மட்டும் வர்ற ஜலதோஷம்."

"விடுங்கப்பா," என்றான் ராதிம். "நான் சொல்லிடறேன். அவ வந்துட்டா. குதிரையோட நாத்தத்தோட வந்து நிக்கிறா."

"நீ சொல்ல முடியாது," என்று க்விடோ சுவரைக் காட்டினான். கோப்பைகளுக்கு நடுவே ஒரு அட்டை தொங்குகிறது. ராதிமின் கையெழுத்து: ஒருவர் பாத்திரத்தின் மனதை இன்னொருவர் சொல்லக் கூடாது. பவ்லீனாவின் குள்ளனுக்கு ஓர் ஆட்டின் மேல் காதல் வந்துவிட்டதாக க்விடோ ஒருமுறை அறிவித்து, அதனால் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோனபோது எழுதியது. "தலைவனுக்கும் சேர்த்துத்தான்னு அன்னிக்கு நீயே சொன்ன. என் குறிப்புல இருக்கு."

"உன் குறிப்பைத் தூக்கி அடுப்புல போடு."

"போடு. சட்டம் எரியாது."

ராதிம் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். "சரி. அப்போ வெண்டுலாவைத்தான் கேக்கணும். டார்வாவுக்கு வர மனசிருக்கான்னு. இருக்குன்னா அவ அங்கிருந்தே போன்ல ஆடட்டும். இல்லன்னா இல்ல. பதில் வர்ற வரைக்கும் ஆட்டம் இந்த மூச்சுலயே நிக்கும்."

"யாருகிட்ட அவ நம்பர் இருக்கு?" என்றான் க்விடோ.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

5

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அடுத்த பகுதிக்குத் தாவிவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

நான் பள்ளியை விட்டது ஒரு நவம்பர் மாதம். ஏன் என்று கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். வகுப்பில் எழுந்து நின்று

எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது என் தொண்டை

(இது இந்தக் கதைக்கு வேண்டாம். வேறு நோட்டில் இருக்கிறது.)

போகவில்லை, அவ்வளவுதான். வெண்டுலா ஒவ்வொரு புதன்கிழமையும் வகுப்புக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளி விட்டு நேராக, பேருந்தைத் தவறவிட்டு. மணியடிப்பாள். அம்மா வேலைக்குப் போயிருப்பாள். நான் திறக்கவில்லை. ஏழு புதன்கிழமை. தாள்களைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏதாவது பேசுவாள்: வேதியியல் வாத்தியார் மேசைவிரிப்பைக் கொளுத்திக்கொண்டது, பனியில் அவள் வழுக்கி விழுந்தது. கடைசிப் புதன்கிழமை இப்படிச் சொன்னாள்:

"யோலா, நாங்க சனிக்கிழமை போறோம்டி. லின்ஸுக்கு. நீ உள்ளதான் இருக்க. உன் காலுறை தெரியுது, கதவுக்கு அடியில."

என் கை கைப்பிடியின் மேல்தான் இருந்தது. குளிர்ந்த பித்தளை. திறக்க வேண்டும் என்று எத்தனை ஆசை என்றால்...

திறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு படம் அனுப்பினாள். டான்யூப் நதி, மேலே சாம்பல் வானம். "நம்ம ஆத்தை விட இது பெருசா இருக்கு, ஆனா அழகு இல்ல." நான் பதில் எழுதவில்லை. முதல் நாள் வெட்கத்தால். பிறகு முதல் நாள் எழுதாததால். இப்படி ஒரு வருடம் போய்விட்டது.

அந்த மந்திரத்தை நான் தேர்ந்தெடுத்தபோது எனக்குப் புத்தகத்தின் முதல் வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. "எத்தனை தொலைவில் இருந்தாலும்." இரண்டாவது வரியை க்விடோ சத்தமாகப் படித்தபோதுதான் முழுதாகக் கேட்டேன். மீண்டும் ஒருபோதும். கேட்காத வரைக்கும் அவள் வரலாம். கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால்?

6

அடுத்த சனிக்கிழமை ராதிம் கேட்டான். "எழுதிட்டியா?"

"அனுப்பிட்டேன்," என்றேன்.

அனுப்பவில்லை. (இந்த வாக்கியத்தை வேறு எப்படியும் எழுத முடியவில்லை.)

மூச்சு நின்றது. சுரங்கத்தில் பனி அரக்கன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். என் மந்திரவாதியின் வாய் திறந்தபடி நின்றது. நாங்கள் நான்கு பேரும் மேலே கோப்பைகளுக்குக் கீழே சீட்டு ஆடினோம். இரண்டு சனிக்கிழமை. பவ்லீனா எல்லோரையும் தோற்கடித்தாள்.

"பாத்துட்டாளா? நீல டிக் வந்துடுச்சா?" என்று க்விடோ கேட்டான்.

நான் தோளைக் குலுக்கினேன்.

"பாத்துட்டு பதில் போடலன்னா அது ஒரு வழக்கு. பாக்கவே இல்லன்னா அது வேற வழக்கு. ரெண்டையும் குழப்பக் கூடாது."

"உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம்டா வக்கீலே," என்றாள் பவ்லீனா. "காலைல வணக்கம் சொன்னாக்கூட, எந்த விதிப்படின்னு கேப்ப."

வேலையில், விரிப்பின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்து மடிக்கும்போது, பவ்லீனா என் பக்கமாக வந்து முனைகளை என் கையில் கொடுத்தாள். உடனே விடவில்லை. "யோல்கா, நீ அனுப்பினியா?" என்று கேட்டாள். "ம்," என்றேன். "சரி," என்று அடுத்த விரிப்பை எடுத்தாள். அவளுக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

7

இந்த இடத்தில் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். வேறொரு நோட்டில். உயிரியல்.

முதல் முடிவு. வெண்டுலா சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குகிறாள். படியேறி மாடிக்கு வருகிறாள். "குதிரை எல்லாம் நல்லா இருக்கு," என்கிறாள்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே நம்பவில்லை. லின்ஸிலிருந்து எங்கள் ஊருக்கு வர மூன்று ரயில் மாற வேண்டும். க்விடோவிடம் கேட்டேன்.

இரண்டாம் முடிவு. அவள் பதில் எழுதுகிறாள்: யாரு?

ஒரே ஒரு சொல். எழுதி முடித்ததும் நன்றாக எழுதிவிட்டேன் என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். பிறகு அப்படிப் பெருமைப்பட்டதற்காக என்னையே பிடிக்கவில்லை.

மூன்றாம் முடிவில் டார்வா பேசுகிறாள். பனி, மலை, குதிரைகளின் மூச்சு. உணவு பன்னிரண்டு நாளைக்குத்தான் இருந்தது. ஆட்டக் கணக்கில் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அவள் குதிரைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, கண்ணாடி வாசலின் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது

(நிறுத்தினேன். சுவரில் தொங்கும் அட்டை ஞாபகம் வந்தது. டார்வா என்னுடையவள் இல்லை.)

8

மூன்றாவது சனிக்கிழமை மார்ச் மாதக் காற்று கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. க்விடோ ஒரு தாளோடு வந்திருந்தான். தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தும் போட்டு.

"மனு," என்றான். "இருபத்தியோரு நாள் பதில் வரல. இத்தனை நாள் பேசாம இருந்தா மனமில்லைன்னுதான் எடுத்துக்கணும். மூச்சு முடிஞ்சது, மந்திரம் வீண். ஆட்டத்தைத் தொடரணும்னு கேட்டுக்கறேன்."

"மந்திரம் வீண்னா அப்புறம் அவ கூப்பிடவே முடியாது தெரியுமில்ல?" என்றாள் பவ்லீனா.

"தெரியும். எனக்கு மட்டும் ஆசையா? அந்த அரக்கன் ஒத்தைக் கால்ல நிக்கிறான் மூணு வாரமா. அவனுக்கும் கால் வலிக்காதா?"

ராதிம் தாளை மெதுவாகப் படித்தான். அவனுக்கு விருப்பமில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் க்விடோ சொன்னதற்கு எதிராக அவனிடம் எதுவும் இல்லை. "யோலா," என்றான், "நீ ஏதாவது சொல்றியா? இல்லன்னா நான் தீர்ப்பு..."

அப்போது சங்கு ஊதியது.

எங்கள் கூடத்துச் சங்கு ஊதினால் மேசையில் உள்ள தண்ணீர் நடுங்கும். ராதிம் எழுந்து ஓடினான். கீழே கதவு தூக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம், வண்டி கிளம்பியது. காட்டுச் சாலையில் மரம் விழுந்திருந்ததாம். எங்கள் சட்டப்படி சங்கு ஊதினால் எல்லாமே நிற்கும், தீர்ப்பும்.

மூன்று பேர் மிஞ்சினோம். க்விடோ பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். தீர்ப்புச் சொல்பவன் அங்கே இல்லை என்பதால் எனக்குத் தைரியம் வந்திருக்கலாம்.

"நான் அனுப்பல," என்றேன்.

பகடை நின்றது.

"என்ன?"

"வெண்டுலாவுக்கு. நான் எழுதவே இல்ல."

க்விடோவின் முகம் சிவந்தது. "மூணு வாரம்! யோலா, மூணு வாரமா நாங்க சீட்டு ஆடிட்டு உக்காந்திருக்கோம். நான் மனு எழுதினேன். ரெண்டு தடவை திருத்தி எழுதினேன்!"

"கத்தாத," என்றாள் பவ்லீனா.

"பேசாம இருந்தா மனசில்லன்னு அர்த்தம் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "மனசு இருந்தும் பேசாம இருக்கலாம். நான் இருந்தேன். ஏழு வாரம். அவ கதவுக்கு வெளிய, நான் உள்ள. கை கைப்பிடி மேலயே இருந்துச்சு. எனக்குத் திறக்கணும்னுதான் இருந்துச்சு. ஆனா நான் இருந்ததை வெளியிலிருந்து பாத்தா, மனசில்லாத மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். அதனால நான் கேட்டா அவ பதில் சொல்லாம இருப்பா. அதுதான் நியாயம். அப்புறம் நீங்க மந்திரம் வீண்னு சொல்லிடுவீங்க. அப்புறம் என்னால..."

பவ்லீனா பன் தட்டை என் பக்கம் தள்ளினாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அதில் குறை ஒன்றும் இல்லை.

க்விடோ குனிந்தான். பையைத் திறந்தான். குறிப்பு நோட்டுகளை வெளியே எடுத்தான், ஒன்று, இரண்டு, மூன்று. விரலை நக்கிப் பக்கங்களைப் புரட்டினான். கோபத்தில் ஏதோ விதியைத் தேடி என் தலையில் போடப் போகிறான் என்று நினைத்தேன்.

"எந்த நவம்பர்? போன வருஷத்துக்கு முந்தினதா?"

"ஆமா."

நீண்ட நேரம் படித்தான். காது மடலின் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு சத்தமாகப் படித்தான், ரயிலில் நிலையத்தின் பெயரை அறிவிக்கும் குரலில்.

"நவம்பர் இருபத்தியஞ்சு. யோலானா வரவில்லை. மந்திரவாதி குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறாள். முகாம் கிளம்பும் முன் டார்வா குதிரைகளிடம் போய் மந்திரவாதிக்குச் சூப் கொடுக்கிறாள். மந்திரவாதி பேசவில்லை. டிசம்பர் ரெண்டு. யோலானா வரவில்லை. டார்வா மந்திரவாதிக்குத் தன் போர்வையைக் கொடுக்கிறாள். மந்திரவாதி பேசவில்லை. டிசம்பர் ஒம்பது. டார்வா குதிரைகளிடம் போகிறாள். இதற்கு எந்த விதிப்படி நேரம் ஒதுக்குவது என்று நான் கேட்டேன். அது உனக்குத் தேவையில்லாத விஷயம் என்று வெண்டுலா சொன்னாள்."

ஒரு பக்கம் திருப்பினான்.

"எல்லா வாரமும் இருக்கு. ஜனவரி கடைசி வரைக்கும்."

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளை யாரும் படித்ததில்லை என்று இரண்டாம் பகுதியில் வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும். எழுதும்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

9

ராதிம் ஒரு மணி நேரம் கழித்து வந்தான், தலைமுடியில் மரத்தூளோடு. நாற்காலியில் விழுந்தான். "எங்க விட்டோம்? தீர்ப்பு."

க்விடோ எழுந்து நின்றான். "என் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். எதிர்த்தரப்பு சார்பா நானே பேசறேன்."

"எதிர்த்தரப்பா? யாருடா அது?"

"யோலா. அவ இன்னும் வெண்டுலாவைக் கேக்கவே இல்ல. அது ஒண்ணு." என் பக்கம் பார்க்காமல் வேகமாகச் சொன்னான். "ரெண்டாவது, பேசாம இருக்கறதை இந்த மேசை எப்பவாவது மனமில்லைன்னு எடுத்துக்கிட்டிருக்கான்னு தேடினேன். இல்ல. அதுக்கு நேர்மாறாத்தான் இருக்கு, ஒம்பது வாரத்துக்கு. பேசாதவகிட்ட டார்வா வாராவாரம் போயிருக்கா. நீயும் அதை அனுமதிச்சிருக்க. அது முன்னுதாரணம்."

ராதிம் என்னைப் பார்த்தான். பிறகு பவ்லீனாவை. அவள் தலையசைத்தாள்.

"மூணாவது," என்றான் க்விடோ. குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் அந்த வரியைத் தப்பாப் படிச்சிட்டிருந்தேன். வர மனசும் இருந்து, வரவும் முடியும்னா, அவங்க நடந்தே வந்துடுவாங்க. அதுக்கு மந்திரம் எதுக்கு? ஏழாம் படி எதுக்கு? மனசு இருந்தும் தானா வர முடியாதவங்களுக்குத்தான் அந்த மந்திரமே. அதை எழுதினவன் அப்படித்தான் நினைச்சிருப்பான். இல்லன்னா அவன் முட்டாள். மஞ்சள் புத்தகத்தை எழுதினவன் முட்டாள் இல்ல."

அவன் உட்கார்ந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"ஜலதோஷமா?" என்றாள் பவ்லீனா.

"வாயை மூடு."

ராதிம் கொஞ்ச நேரம் மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். "சரி, தீர்ப்பு. கேக்கவே இல்லன்னா மந்திரம் இன்னும் உன் வாயை விட்டு வெளிய வரல, யோலா. எதுவும் வீணாகல. கேட்டப்புறம், எத்தனை நாள் பதில் வரலைன்னாலும் அது மறுப்பு இல்ல. மாட்டேன்னு அவ வாயால சொன்னாத்தான் மறுப்பு." நிறுத்தினான். "ஆனா டார்வா வரணும்னா நீ கூப்பிட்டுத்தான் ஆகணும். உன்னையும் யாரும் இங்க கட்டாயப்படுத்தல. வேணாம்னா நெருப்பு மழை எடுத்துக்கோ, இப்பவும் மாத்தித் தர்றேன்."

நெருப்பு மழை நல்ல மந்திரம். பனி அரக்கன் ஒரே அடியில் உருகியிருப்பான்.

நான் கைபேசியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வண்டி இப்போதுதான் வந்து நின்றதால் எஞ்சின் இன்னும் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் சேறும் ஊசியிலைகளும். படிப்பலகையில் உட்கார்ந்தேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி எழுதினேன். விதி, அரக்கன், சுரங்கம். அழித்தேன். மன்னித்துவிடு என்று எழுதினேன். அதையும் அழித்தேன், அதை எழுதினால் அவள் பரவாயில்லை என்று சொல்லியாக வேண்டியிருக்கும். பிறகு இதை எழுதினேன்:

வெண்டுலா, நான் யோலா. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன், ஏழு தடவையும். நீ பேசினது எல்லாம் கேட்டுச்சு. சூப்பு, போர்வை எல்லாம் இன்னிக்குத்தான் தெரிஞ்சது. குதிரைங்களோட டார்வாவை அந்தப் பக்கம் விட்டுட்டு வாசலைத் திறந்தது நான். இப்ப என்கிட்ட ஒரு மந்திரம் இருக்கு. டார்வாவுக்கு வர மனசு இருக்கா?

அனுப்பினேன். இந்த முறை உண்மையாகவே.

10

இந்த இடத்தில் நான் அவள் பதிலை எழுத வேண்டும். இப்படிப்பட்ட கதைகளில், முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறவர் சொல்லிவிடுவதும் உண்டு. நானும் அப்படிச் செய்வதாகத்தான் இருந்தேன். நேற்றுவரைக்கும்.

யோசித்துப் பார்த்தால் இந்த நோட்டில் நான் எல்லோருடைய மனதையும் எழுதியிருக்கிறேன். ராதிமுக்கு விருப்பமில்லை என்று எழுதினேன். பவ்லீனாவுக்குத் தெரியும் என்று எழுதினேன். க்விடோவின் காது மடலைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர்கள் படித்தால் சண்டைக்கு வரட்டும், பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் லின்ஸில் ஒருத்தி பேருந்திலோ வகுப்பிலோ தன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைக்கிறாள் என்பதை நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றவளின் மனதை, காலுறையைப் பார்த்து யாரும் தீர்மானிக்காமல் இருந்ததால்தான் எனக்குச் சூப் வந்தது.

அதனால் இதற்குக் கீழே கொஞ்சம் இடம் விடுகிறேன். கோடு போட்ட பக்கம், ஆறு வரி. ஒரு பதிலுக்குப் போதும். வேண்டாம் என்பதற்கும் போதும்.

இதைப் படிப்பவர் வெண்டுலா இல்லையென்றால், தயவுசெய்து அங்கே எதையும் எழுதாதீர்கள்.